ஓடுறதுக்கு ஹெட்போன்: ஐபிஎக்ஸ்7 இருந்தா போதுமா?

ஆகஸ்ட் 3, 2025 | கேள்வி, வேளச்சேரியிலேருந்து ஒருத்தர்

ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது. வாங்கின இயர்பட்ஸ் அதுக்குள்ள வியர்வையில போயிடுச்சு. இனிமே ஐபிஎக்ஸ்7 போட்டிருக்கிறதை மட்டும்தான் வாங்குறதுன்னு இருக்கேன். தண்ணிக்குள்ள போட்டாலே ஒண்ணும் ஆகாதுன்னா வியர்வை எம்மாத்திரம்? மத்ததெல்லாம் விளம்பரம்தானே. பட்ஜெட் மூவாயிரம். தப்புன்னா சொல்லுங்க.

ஆகஸ்ட் 3, இரவு 9.40

தப்புதான் தம்பி.

அந்த எண் தண்ணியும் தூசியும் எவ்வளவு உள்ள புகாதுன்னு காட்டுறது, ஐஇசி 60529ங்கிற சர்வதேசத் தரநிலையிலேருந்து வருது. 7 போட்டிருந்தா, ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் கிடந்தாலும் சேதம் பண்ற அளவுக்குத் தண்ணி உள்ள போகாதுன்னு அர்த்தம். 5ங்கிறது பீய்ச்சி அடிக்கிற தண்ணிக்கு: 6.3 மில்லிமீட்டர் முனை, நிமிஷத்துக்கு 12.5 லிட்டர். 4 எல்லாப் பக்கத்துலேருந்தும் தெளிக்கிறதுக்கு. 7 வாங்கினா 5 தானா கூட வந்துடும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. வராது. 6 வரைக்கும்தான் பெரிய எண் சின்னதை உள்ளடக்கும். 7ம் 8ம் முக்கி எடுக்கிற சோதனை, அது தனி வழி. ரெண்டுலயும் தேறியிருந்தா ரெண்டையும் போட்டிருப்பான்.

நடுவுல இருக்கிற எக்ஸ் தூசிக்கான இடம். எக்ஸ் போட்டிருந்தா தூசி விஷயத்துல அவன் எதுவுமே சொல்லலைன்னு அர்த்தம். எலியட்ஸ் பீச்சுல மணல் பறக்கிற நாள்ல ஓடுறவனுக்கு அந்த இடத்துல 5 இல்ல 6 இருந்தா நல்லது.

எல்லாத்துக்கும் மேல, சோதனை நல்ல தண்ணியில, புது பீஸை வச்சுப் பண்றது. வியர்வை உப்பு. கூட எண்ணெய்ப்பசை. அதுலயும் நம்ம ஊர் ஆகஸ்ட் வியர்வை ஆறு மணிக்கே சட்டையைப் பிழியுற வியர்வை. அந்த நம்பரைப் பாக்க வேண்டாம்னு சொல்லலை. ஐபிஎக்ஸ்4க்குக் கீழ வாங்காதீங்க, 5 இருந்தா திருப்தி. அதுக்கு மேல போறதுக்காக வேற எதையும் விட்டுக்கொடுக்காதீங்க.

உங்களது எப்படிப் போச்சு? காதுல இருக்கும்போதே நின்னுச்சா, கேஸுல வச்சு எடுத்த பிறகா?

ஆகஸ்ட் 4

வலது பக்கம் மட்டும் சார்ஜ் ஏறலையா. அப்போ தண்ணி உள்ளயே போகலை.

ஓடி முடிச்ச ஈரத்தோட அப்படியே கேஸுல போட்டு மூடியிருப்பீங்க. சார்ஜ் ஏத்துற பின்ல மின்னழுத்தம் இருக்கு, மேல உப்புத்தண்ணி நிக்குது, பின் அரிச்சுப் பச்சையா கறுப்பா ஆயிடும். பாதிப் பேரோட இயர்பட்ஸ் இப்படித்தான் சாகுது. ஐபிஎக்ஸ்7, 8 எதுவும் இதுக்குப் பதில் சொல்லாது. கேஸுக்குப் பெரும்பாலும் எந்த மதிப்பீடும் கிடையாது, பட்ஸுக்கு மட்டும்தான்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில லேசா தொட்டு, பட்ஸ்ல இருக்கிற பின், கேஸுக்குள்ள இருக்கிற பின் ரெண்டையும் தேய்ச்சுப் பாருங்க. பிழைச்சாலும் பிழைக்கும். இனிமே ஓடி வந்ததும் நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைக்கணும், அப்புறம் உலர்ந்த துணி, ஒரு அரை மணி நேரம் மேசை மேல. அதுக்கப்புறம்தான் கேஸ்.

ஆகஸ்ட் 9

மேல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற: எங்க ஓடுறீங்க?

டிரெட்மில்லா, பூங்காவா, வண்டி போற ரோடா? இதுக்குப் பதில் தெரியாம ஹெட்போன் வாங்கக் கூடாது. நான் ஓடுறது பெசன்ட் நகர்லேருந்து எல்.பி. ரோடு, திரு.வி.க. பாலம், சாந்தோம் வழியா மெரினா. ஞாயித்துக்கிழமை தெம்பு இருந்தா நேப்பியர் பாலம் வரைக்கும். பாதி தூரம் நடைபாதை பேருக்குத்தான் இருக்கு. தண்ணி லாரி, பால் வண்டி, பேப்பர் போடுற பையன், குறுக்க வர்ற நாய். இந்த வழியில காதை அடைக்கிற எதையும் நான் போடுறதில்லை.

அடைக்கிறதுல ஆபத்து ஒருபக்கம்னா தொல்லை இன்னொரு பக்கம், அதை யாரும் பெருசா எழுதுறதில்லை. ரப்பர் முனை காதை இறுக்கி மூடினதும் ஒவ்வொரு அடியும் தலைக்குள்ள தொம் தொம்னு கேக்கும். மூச்சும் கேக்கும். அண்டாவுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ஓடுற மாதிரி. காரணம் இதுதான்: கால் தரையில மோதுற அதிர்வு எலும்பு வழியா காதுக்குழாய்ச் சுவர் வரைக்கும் வரும். காது திறந்திருந்தா அந்தக் கீழ்ஸ்தாயி ஒலி வெளிய போயிடும். அடைச்சா வெளிய போக வழியில்லாம செவிப்பறையில போய் அடிக்கும். கடையில நின்னுக்கிட்டே கேட்டுப் பாத்து வாங்குறவங்களுக்கு இது தெரியவே தெரியாது. கடையிலயே நாலு குதி குதிச்சுப் பாருங்க. சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பாப்பார், பரவாயில்லை.

ஆகஸ்ட் 10

"ஏஎன்சி, அதான் இரைச்சலை அமுக்குற வசதி, இருந்தா அந்த தொம் தொம் போயிடாதா?"

போகாது. ஏஎன்சி வெளிய இருக்கிற தொடர்ச்சியான இரைச்சலுக்கு: ஏசி, விமானம், டிரெட்மில் மோட்டார். ஜிம்முக்கு நல்லது. ரோட்டுல அதை ஆன் பண்ணிக்கிட்டு ஓடுறவர் பக்கத்துல நான் ஓட மாட்டேன்.

ஆகஸ்ட் 10, மாலை

டிரான்ஸ்பரன்சி மோடை மறந்துட்டேன்னு ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க. மறக்கலை. வெளிய இருக்கிற சத்தத்தை மைக் வாங்கி உள்ள கொடுக்குது, நல்ல வசதிதான், விலை கூடின மாடல்கள்ல ரொம்ப இயல்பாவும் இருக்கு. ஆனா கடற்கரைக் காத்து மைக்ல அடிச்சா உஸ்ஸுனு ஒரே இரைச்சல். நேப்பியர் பாலத்து மேல அதை வச்சுக்கிட்டுப் பாட்டு கேட்டவர் யாராவது இருந்தா சொல்லுங்க. அப்புறம், தொம் தொம் அப்படியேதான் இருக்கும், காது இன்னும் அடைச்சுத்தானே இருக்கு.

ஆகஸ்ட் 17

எலும்பு வழி ஹெட்போன் பத்திக் கேக்குறாங்க. நீளமா எழுத வேண்டிய விஷயம்.

ஷாக்ஸ்தான் இதுல பெரிய பேர். முன்னாடி ஆஃப்டர்ஷாக்ஸ்னு இருந்து 2021 கடைசியில பேரை மாத்திக்கிட்டாங்க. காதுக்கு முன்னாடி கன்னத்து எலும்பு மேல ரெண்டு சின்ன அதிர்வான் உக்காரும், பின்னங்கழுத்தைச் சுத்தி ஒரு கம்பி. ஒலி செவிப்பறையைத் தொடாம எலும்பு வழியா உள்காதுக்குப் போகும். ஓபன்ரன் மாடல் 26 கிராம், ஐபி67, அதாவது தூசிக்கு 6, தண்ணிக்கு 7. அடுத்த படியான ஓபன்ரன் ப்ரோ விலை கூட, ஆனா ஐபி55. விலை ஏற ஏற எண்ணும் ஏறும்னு நினைக்கிறவங்க இதைக் கவனிக்கணும்.

நான் ரொம்ப நாளா இதைத்தான் போடுறேன். பிடிச்சது: காதுல ஒண்ணுமே இல்லை. பக்கத்துல ஓடுறவரோட பேசலாம், இளநிக்காரர்கிட்ட விலை கேக்கலாம், கழட்டவே வேண்டாம். கீழ விழாது. பட்ஸ் சாக்கடையில விழுந்த கதையெல்லாம் இதுல கிடையாது.

பிடிக்காதது: பேஸ், அதாவது கீழ்ஸ்தாயி ஒலி, கிடையாது. குத்துப்பாட்டு கேட்டுக்கிட்டு ஓடுறவங்க ஏமாந்துடுவாங்க. சத்தத்தை ஏத்தினா கன்னத்துல குறுகுறுன்னு இருக்கும். தொப்பியும் கூலிங்கிளாஸும் போட்டா காது மேல இடநெருக்கடி. சாந்தோம் நெடுஞ்சாலையில ஏழரை மணிக்கு மேல எதுவுமே கேக்காது, காது திறந்திருக்கிறதால பஸ் சத்தம் பாட்டை முழுங்கிடும். பேச்சு நிகழ்ச்சிகளுக்கு அருமை, பட்டிமன்றம் கேட்டுக்கிட்டே பத்து கிலோமீட்டர் போயிடலாம். நடுவர் தீர்ப்பு வர்றதுக்குள்ள வீடு வந்துடுறதுதான் குறை.

மூவாயிரத்துல இதோட நல்ல மாடல் வராது தம்பி. அதே விலைக்கு எலும்பு வழின்னு சொல்லி விக்கிற பலதுல உள்ள இருக்கிறது சாதாரணக் குட்டி ஸ்பீக்கர்தான். காதுக்குப் பக்கத்துல நின்னு காத்து வழியா ஒலியை அனுப்பும். அது மோசம்னு சொல்லலை, பேர்தான் பொய்.

ஆகஸ்ட் 18

"எலும்பு வழின்னா காது கெடாதாமே?" கெடும். செவிப்பறையைத்தான் தாண்டுது, போய்ச் சேருறது உள்காதுல இருக்கிற அதே நத்தை எலும்புதான். சேதம் நடக்குறது அங்க ஒலியை உணருற முடியணுக்கள்ல.

இன்னொண்ணு சொல்லணும். இதைப் போட்டுக்கிட்டு விரலால காதை மூடிப் பாருங்க, திடீர்னு பேஸ் வரும். ஆகஸ்ட் 9ல சொன்ன அண்டா விவகாரமேதான், இங்க நமக்கு லாபமா நிக்குது.

ஆகஸ்ட் 31

மைலாப்பூர் மேடம் ஒருத்தர் கேட்டது: கம்மல் பெருசு, மேல்காதுலயும் குத்தியிருக்கேன், முடி அடர்த்தி, எது ஒத்து வரும்?

காதுமடல்ல கவ்வுற கிளிப் வகை இப்போ நிறைய வருது. மேல்காது குத்தின இடத்துலயே போய் உக்காரும், அதனால உங்களுக்கு வேண்டாம். காதைச் சுத்தி மாட்டுற கொக்கி வகை ஒத்து வரும், ஆனா கண்ணாடி போடுறவங்களா இருந்தா கண்ணாடிக் காம்பும் கொக்கியும் சண்டை போடும். பின்னங்கழுத்துக் கம்பி வகைக்குக் கொண்டை இடிக்கும், பின்னல் இடிக்காது. என் மனைவி சொன்ன தகவல் இது, எனக்கு இதுல அனுபவம் இருக்க வாய்ப்பில்லை, தலையே வழுக்கை.

ரப்பர் முனை வகைதான் வேணும்னா ஒரு விஷயம்: ரெண்டு காதுத் துளையும் ஒரே அளவுல இருக்கணும்னு அவசியமில்லை. ஒரு பக்கம் சின்னது, மறுபக்கம் நடுத்தரம் போட்டுப் பாருங்க. ஒரே காது மட்டும் நழுவுதுன்னு புலம்புற பல பேருக்கு இதுதான் மருந்து.

ஆகஸ்ட் 31, இரவு

இலவச வழி ஒண்ணு இருக்கு: ஒரு காதுல மட்டும் போடுறது. எந்தக் காது?

நம்ம ஊர்ல வண்டி இடதுபக்கம் போகும். ஓடுறவன் எதிர்ல வர்ற வண்டியைப் பாத்தபடி ரோட்டோட வலது ஓரம் போகணும். அப்போ வண்டியெல்லாம் நமக்கு இடதுகைப் பக்கம். இடது காது திறந்திருக்கட்டும், பட்ஸ் வலதுல. பின்னாலேருந்து ராங் ரூட்ல வர்ற பைக்காரருக்கு எந்தக் கணக்கும் செல்லாது, அது தெரிஞ்சதுதான்.

போன்ல மோனோ செட்டிங்கைப் போட்டுக்கோங்க, ரெண்டு பக்கச் சத்தமும் ஒண்ணாக் கலந்து வரும். இல்லைன்னா பழைய ஸ்டீரியோ பாட்டுல தபேலா ஒரு பக்கம் போயிடும், வயலின் இன்னொரு பக்கம் போயிடும். பாதிப் பாட்டுக்கு ஓட வேண்டியிருக்கும்.

செப்டம்பர் 6

ஒத்தைக் காது யோசனையை இந்த வாரம் கொஞ்சம் திருப்பிப் பாத்தேன். பாதுகாப்புக்கு நல்லதுதான், காதுக்கு அவ்வளவு நல்லதில்லை. ரெண்டு காதுல கேக்கும்போது மூளை ரெண்டையும் கூட்டிக்கும், அதே சத்தம் பெருசாத் தெரியும். ஒண்ணுல கேட்டா சின்னதாத் தெரியும், கை தானா சத்தத்தை ஏத்தும். போன்ல அளவு பாத்தேன். ரெண்டு காதுல ஓட்டுற அளவை விட ஒத்தைக் காதுக்குக் கூடவே வச்சிருக்கேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு: 80 டெசிபெல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 83ல 20 மணி, 86ல 10 மணி, 89ல 5 மணி. வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம் ஓடுறவனுக்கு 89 எல்லைக்கோடு. போக்குவரத்து இரைச்சல் நடுவுல பாட்டை மேல கொண்டு வரணும்னா அந்த அளவு சுலபமா வந்துடும். மிச்ச நாள் முழுக்க போன்ல மீட்டிங், ரயில்ல படம்னு வேற இருக்கு.

காதை அடைக்காத திறந்த வகைக்கும் இதேதான். வெளிச்சத்தம் கேக்கணும்னு வாங்கிட்டு, வெளிச்சத்தத்தை ஜெயிக்கிறதுக்குச் சத்தத்தை ஏத்தினா வாங்கினதுல அர்த்தமே இல்லை. நான் இப்போ பண்றது: வீட்டு வாசல்ல அளவை வச்சிடுவேன். மெயின் ரோட்டுல கேக்கலைன்னா கேக்கலை, பாலம் தாண்டினதும் திரும்பக் கேக்கும்.

செப்டம்பர் 7

காது அரிப்பு பத்திக் கேட்டவருக்கு: ஈரம், சூடு, அடைச்ச காது மூணும் சேந்தா பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம்ம மாதிரி புழுக்கமான ஊர்கள்ல காதுப் பூஞ்சை சகஜம். ரப்பர் முனையைக் கழட்டிச் சோப்புத்தண்ணியில கழுவிக் காய வச்சுப் போடுங்க. அரிப்போட வலியோ நீரோ இருந்தா இங்க கேக்காதீங்க, காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க. பஞ்சுக்குச்சி விடாதீங்க. ஆகஸ்ட் 4ல சொன்ன பஞ்சுக்குச்சி மெஷினுக்கு.

செப்டம்பர் 21

ஜனவரி மாரத்தானுக்குப் பதிவு பண்ணினவர் கேக்குறார்: போட்டியில ஹெட்போன் போடலாமா?

உங்க போட்டியோட விதியைப் படிங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி. உலகத் தடகள விதிப்படி போட்டிப் பகுதிக்குள்ள ரேடியோ, செல்போன் மாதிரிச் சாதனம் வச்சிருந்தாலே அது வெளியுதவிக் கணக்கு. அமெரிக்கத் தடகளச் சங்கம் 2007ல ஹெட்போனுக்கு மொத்தமா தடை போட்டுச்சு, கூட்டம் கேக்கலை, அடுத்த வருஷமே தளர்த்தி, பட்டத்துக்கு ஓடாதவங்களைப் போட்டி நடத்துறவங்க இஷ்டத்துக்கு விட்டுட்டாங்க. பிரிட்டன்ல போக்குவரத்துக்கு மூடாத ரோட்டுல நடக்குற ஓட்டங்கள்ல காதை அடைக்கிற வகைக்குத் தடை, எலும்பு வழிக்கு அனுமதி உண்டு.

2009ல மில்வாக்கி நகரத்து லேக்ஃபிரண்ட் மாரத்தான்ல நடந்தது தெரியுமா? பெண்கள்ல முதல்ல வந்தவர், தண்ணி கொடுக்கிற இடம் இல்லாத இடத்துல ஒரு தோழிகிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சதுக்காகத் தகுதி இழந்தார். ரெண்டாவது வந்தவருக்கு முதல் பரிசு. அப்புறம் அவர் வழியில ஐபாட் போட்டிருந்த போட்டோ வெளிய வந்துச்சு. அவரும் அவுட். மூணாவது வந்தவர் ஜெயிச்சார்.

அதனால தம்பி, மூணாவது வாங்க, காதுல எதுவும் போடாம.

செப்டம்பர் 22

"நான் முன்னூறாவது வர்றவன், எனக்கென்ன?" தாராளமா போடுங்க. தன்னார்வலர் "லெஃப்ட், லெஃப்ட்"னு கத்துறது மட்டும் காதுல விழட்டும்.

வேகப் பயிற்சிக்கு நான் எதுவும் போடுறதில்லை. லண்டன் ப்ரூனல் பல்கலைக்கழகத்துல காஸ்டஸ் கராஜியோர்கிஸ் இசையும் உடற்பயிற்சியும் பத்தி ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்றவர். மிதமான வேகத்துல பாட்டு களைப்பைக் குறைச்சுக் காட்டும், முழு வேகத்துல உடம்பு போடுற கூச்சல்ல அந்தப் பலன் சுருங்கிடும்னு அவர் பக்கத்து ஆய்வுகள் சொல்லுது. நானூறு மீட்டர் முட்டி ஓடும்போது என்ன பாட்டு ஓடிச்சுன்னு கேட்டா எனக்கும் தெரியாது.

அக்டோபர் 5

நேத்து எல்.பி. ரோட்டுல எலும்பு வழி போட்டு, சத்தம் குறைச்சலா, எல்லாம் நான் இங்க உபதேசம் பண்ணினபடி ஓடினேன். பின்னாலேருந்து ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் முழங்கையை உரசிட்டுப் போச்சு. ஒரு சத்தமும் இல்லை. ஹெட்போன் இல்லாமலே இருந்திருந்தாலும் கேட்டிருக்காது.

இந்த இழை முழுக்க "காது திறந்திருக்கணும், திறந்திருக்கணும்"னு எழுதியிருக்கேன். ஊர்ல வண்டிகள் வாயை மூடிக்கிட்டு வருது. ஜூன் கடைசியிலேருந்து மாநகரப் பேருந்துலயே எலெக்ட்ரிக் வந்துடுச்சு. இனிமே காதை மட்டும் நம்பி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் மாறக் கூடாது. திரும்பறதுக்கு முன்னாடி கழுத்தைத் திருப்பிப் பாக்கணும். அதுக்காக அடைக்கிற வகைக்குப் போங்கன்னு சொல்லலை. நாய்க்கு இன்னும் பேட்டரி வரலை.

அக்டோபர் 26

தீபாவளி கழிச்சு மழை பிடிச்சுக்கிச்சு. மழையில ஓடலாமான்னு கேக்குறவங்களுக்கு: மழை பிரச்சினை இல்லை, ஐபிஎக்ஸ்4 தாங்கும். உப்பைக் கழுவிக் கொடுக்கிறதால வியர்வையை விட மழை எவ்வளவோ தேவலை. ஈரத்தோட சார்ஜ் போடாதீங்க. மேல சொன்னதுதான்.

பாட்டு விட்டு விட்டு வருதுன்னு சொன்னவர் போனை எங்க வச்சிருக்கார்னு எழுதலை. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ், உடம்புல இருக்கிற தண்ணி அதை நல்லா உறிஞ்சும். வீட்டுக்குள்ள சுவர்ல பட்டுத் திரும்பி வந்து சமாளிச்சிடும், மெரினா மாதிரி வெட்டவெளியில பட்டுத் திரும்பச் சுவர் கிடையாது. அதனாலதான் வீட்டுல ஒழுங்கா இருக்கிறது பீச்சுல திக்குது. இடது கையில கட்டியிருந்தா வலது கைக்கு மாத்திப் பாருங்க, பின்பாக்கெட்னா இடுப்புப் பைக்கு. பாதிப் பேருக்கு அதோட சரியாகும்.

நவம்பர் 2

வேளச்சேரி தம்பி ஒருவழியா வாங்கிட்டார். காதுக்கொக்கி போட்ட திறந்த வகை, காத்து வழி, ஐபிஎக்ஸ்5, மூணாயிரத்துக்குள்ள. பழைய இயர்பட்ஸும் ஆல்கஹால் தேய்ச்சதுல பிழைச்சிடுச்சாம், அதை ஜிம்முக்கு வச்சுக்கிட்டார். சரியான பங்கீடு.

உத்தரவாத அட்டையை ஒருமுறை படிச்சு வைங்க. ஐபி எண்ணைப் பெட்டியில பெருசாப் போட்டிருப்பாங்க, உள்ள சின்ன எழுத்துல நீர்ச் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லைன்னும் இருக்கும். ஒரு சர்வீஸ் சென்டர்ல என் நெக்பேண்டைத் திறந்து காட்டி "ஈரம் இருக்கு சார், காசு ஆகும்"னு சொன்னாங்க. ஓடுறதுக்குன்னு எழுதி வித்த சாமான். பேரைச் சொல்ல விரும்பலை. சார்ஜிங் துளையோட ரப்பர் மூடி தளர்ந்திருந்துச்சு, அதையாவது அப்பப்போ அமுக்கிப் பாத்துக்கோங்க.

மோனோ எங்க இருக்குன்னு கேட்டீங்க: ஆண்ட்ராய்டுல அமைப்புகளுக்குள்ள அணுகல்தன்மை, அதுக்குள்ள ஆடியோ. ஐபோன்லயும் அணுகல்தன்மைக்குள்ளதான், ஆடியோ விஷுவல்னு ஒரு பகுதி இருக்கும். சில போன்ல பேர் கொஞ்சம் மாறும், மேல இருக்கிற தேடல் கட்டத்துல மோனோன்னு அடிச்சா வந்துடும்.